வேகத்தட்டு கழற்றிய சுபநேரம்

கடலுக்குப் போகாத படகைத் தேட ஏலாது. நியாயமான கதைதானே? கரையோரத் தகவல் ஒருங்கமைப்பு அதிகாரசபையின் திருகோணமலைத் தலைமைக் காரியாலயத்தில், காலையிலிருந்து கதிரை மாறி மாறிக் காத்திருந்த பஹ்மியாவுக்குக் கடைசியில் கிடைத்த நியாயம் இதுதான்.

"தங்கச்சி, உங்கட படகு துறைமுகத்தை விட்டு அசையவே இல்லை," என்றார் நிர்வாக உத்தியோகத்தர் கமலாதேவி, கணினித் திரையை ஒருக்கால் பார்த்துவிட்டு. "'நூருல் பஹ்ர்' தானே? கட்டின இடத்தில கட்டினபடி நிக்குது."

"இல்ல மிஸ், போய்க் கனநாள். என்ட அவர் ஸப்வானும் இன்னும் ரெண்டு பேரும் போனவங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்ன வந்திருக்கோணும். இன்னும் ஒரு தகவலும் இல்ல."

"சிஸ்டத்தில அப்பிடி ஒரு பயணம் இல்லையே."

பஹ்மியா யன்னலைக் காட்டினாள். யன்னலுக்கு நேர் கீழேதான் இறங்குதுறை. 'நூருல் பஹ்ர்' வழக்கமாகக் கட்டுகிற இடத்தில் தண்ணீர்தான் ஆடிக்கொண்டிருந்தது. "அந்தா பாருங்க மிஸ். வெறும் இடம்."

கமலாதேவி எழும்பி வந்து, மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, ஆறுதலாகப் பார்த்தார். பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை, அந்தளவுக்கு நல்ல மனிசி. "ஓம், எனக்கும் தெரியுது. ஆனா தங்கச்சி, கண்ணால பார்க்கிறதை நாங்கள் பதியிறேல்ல. பதிஞ்சதைத்தான் பார்க்கிறம்."

இந்த அதிகாரசபை செய்கிற வேலை என்ன என்று கேட்டால் அங்கே சம்பளம் எடுக்கிறவர்களே கொஞ்சம் தடுமாறுவார்கள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, வேலை பெரிய வேலைதான். ஆழ்கடலுக்குப் போகிற ஒவ்வொரு படகிலும் ஒரு கறுப்புப் பெட்டி பூட்டியிருக்கிறது. படகு எங்கே நிற்கிறது என்று அது கரைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். ஆபத்து என்றால் அமத்துவதற்கு ஒரு சிவப்புப் பொத்தான். செய்தி கரையில் கிடைத்துவிட்டால் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும். வருகிற செய்திகளைச் சேர்த்து வைக்கும் கணினிகளை ஒரே இடத்தில் வைத்தால் ஆபத்து என்று, திருகோணமலை, கந்தளாய், குச்சவெளி என்று மூன்று ஊரில் வைத்திருந்தார்கள்.

தேடுதல் நிலையத்துப் பொடியன்கள் தங்கமான பிள்ளைகள். "இடத்தைச் சொல்லுங்கோ அக்கா, இந்த நிமிசமே வெளிக்கிடுறம். எந்தப் பக்கம் எண்டு தெரியாமல் இந்தக் கடலுக்குள்ள போனா, தேடுறதும் ஒண்டுதான், தேடாமல் விடுறதும் ஒண்டுதான்," என்றார்கள். ஆக, பஹ்மியாவுக்குத் தேவைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். படகு கடைசியாக நின்ற இடம். அது இந்தக் கட்டடத்துக்குள் எங்கேயோ இருந்தது. படகில் ஏற்றிய குடிதண்ணீர்ப் பரல்களைக் கிண்ணியாவில் வீட்டுக் குழாயடியில் வைத்து நிரப்பியது அவள்தான். எத்தனை பரல், மூன்று பேர் குடித்தால் எதுவரைக்கும் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கணக்கை அவள் விரல் மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாளும் வந்தாள். கமலாதேவி அவளைக் கண்டதும் சிரித்த முகத்தோடு ஒரு மட்டையை நீட்டினார். தங்கநிறக் கரை போட்ட சான்றிதழ். வாடைக்காற்று எச்சரிக்கையை மதித்து, கடலுக்குப் போகாமல் கரையிலேயே நின்ற ஒழுக்கத்துக்காக 'நூருல் பஹ்ர்' ஓட்டி ஜனாப் ஸப்வான் அவர்களைப் பாராட்டி வழங்கப்பட்டது.

"அவரே வந்து வாங்கியிருக்கலாம்," என்றார் கமலாதேவி, சின்ன மனத்தாங்கலோடு. "வீட்டில இருந்துகொண்டு மனிசியை அனுப்பியிருக்கிறார்."

"யா அல்லாஹ்! அவர் வீட்டில இருந்தா நான் ஏன் மிஸ் இஞ்ச வாறன்?"

"அதைத்தான் தங்கச்சி நாங்களும் யோசிக்கிறம்."

பஹ்மியாவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மட்டையைக் கிழித்து எறிந்திருப்பாள். மட்டை தடிப்பாக இருந்ததால் கிழிபடவில்லை. அதை மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, முகம் கழுவ ஒரு தண்ணீர்க் குழாயைத் தேடி நடந்தபோதுதான், கணினி அறைக் கதவடியில் நின்ற துவாரகன் அவளைக் கூப்பிட்டான்.

துவாரகன் இந்த அதிகாரசபையின் கணினிப் பொறியியலாளன். கண் சிவந்து, தாடி வளர்ந்து, செத்த வீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி நின்றான்.

"அக்கா, உங்கட படகு போனது உண்மை. செய்திகள் வந்ததும் உண்மை. நான்தான் கழற்றினனான்."

"என்னத்த தம்பி?"

"வேகத்தட்டை."

அவன் சொன்ன கதை இதுதான். கடைக்குச் சாமான் வந்தால் முதலில் முன்மேசையில் இறக்குவார்கள், பிறகு ஆறுதலாகப் பின்னால் களஞ்சியத்துக்குக் கொண்டு போவார்கள். இங்கேயும் அப்படித்தான். புதிதாக வருகிற செய்தி முதலில் உள்ளங்கை அளவான வேக வட்டுகளில் இறங்கும், அதுதான் வேகத்தட்டு. இறங்கின உடனேயே படகில் பச்சை விளக்கு எரிந்துவிடும். பிறகுதான் அந்தச் செய்தி கீழே, பெரிய வட்டுகளுக்குப் போகும். கமலாதேவியின் திரையில் தெரிவதும், ஆபத்து மணி அடிப்பதும் பெரிய வட்டுக்குப் போன பிறகுதான். இந்த வேகத்தட்டு இனித் தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று வெளியூர் நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். சரியான ஆலோசனை. எடுப்பதற்கு முன் உள்ளே உள்ளதை முழுக்கக் கீழே இறக்கிவிடுங்கள் என்றும் எழுதியிருந்தார். அது அடுத்த பக்கத்தில் இருந்தது. அதிகாரசபைத் தலைவர் முதல் பக்கத்தை வாசித்ததோடு கழற்றுகிற விழாவுக்கு ஆயத்தமாகிவிட்டார்.

விழா என்றால் சும்மா விழா இல்லை. மூன்று ஊரிலும் ஒரே நிமிடத்தில் கழற்ற வேண்டும் என்று சாத்திரியாரிடம் நேரம் குறித்தார்கள். காலை பத்து நாற்பத்திரண்டு. குத்துவிளக்கு, மேளம், வெற்றிலைத் தட்டில் பட்டுத் துணி. பத்தரை ஆகியும் செய்திகளைக் கீழே இறக்கி முடியவில்லை. அந்தக் கிழமை வந்த செய்திகளில் முக்கால்வாசி இன்னும் வேகத்தட்டில்தான் கிடந்தது. "சேர், கொஞ்சம் பொறுங்கோ," என்று துவாரகன் சொன்னான். "தம்பி, மிச்சத்தைப் பிறகும் இறக்கலாம், நேரம் போனா வருமோ?" என்று தலைவர் கேட்டார். மேளகாரர் கெட்டிமேளம் தொடங்கிவிட்டார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மாட்டேன் என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? துவாரகன் கழற்றி வெற்றிலைத் தட்டில் வைத்தான். எல்லாரும் கை தட்டினார்கள்.

"அப்ப எல்லாம் அழிஞ்சிட்டா?" என்று கேட்டாள் பஹ்மியா.

"இல்லை அக்கா. வட்டுக்குள்ள அப்பிடியே இருக்கு. ஒவ்வொரு செய்தியையும் துண்டாக்கி மூண்டு ஊர் வட்டிலயும் பரப்பித்தான் வைக்கிறது. ரெண்டு ஊர் வட்டு கிடைச்சாலும் மூண்டாவது துண்டைக் கணக்குப் போட்டு எடுத்திடுவன். ஆனா வட்டுகள் என்ட கையில இல்லை."

"ஆர்ட கையில?"

துவாரகன் மாடிப்படியைப் பார்த்தான். மேலே தலைவரின் அறை.

தலைவர் இராசதுரை நல்ல உயரம், நல்ல குரல். ஒலிவாங்கி இல்லாத இடத்திலும் அது இருக்கிற மாதிரியே கதைப்பார். பஹ்மியா அழுதழுது சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்ததும் கதிரையை விட்டு எழும்பினார், ஏனென்றால் இருந்துகொண்டு அவருக்குக் கதைக்க வராது.

"தங்கச்சி, ஒரு நிறுவனம் வருசத்துக்கு ஒருக்காலாவது ஒண்டைத் திறக்கோணும், அல்லது ஒண்டை மூடோணும். ரெண்டும் செய்யாட்டி அது உயிரோட இருக்கெண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்? இந்த வருசம் திறக்க ஒண்டும் இல்லை. அதனால மூடினம். நீங்கள் நினைக்கிற மாதிரி தகவல் தொலையேல்ல. ஒருத்தராலயும் எடுக்க ஏலாதபடி பாதுகாத்து வைச்சிருக்கிறம். நாங்கள் நினைச்சாலும் எடுக்க ஏலாது! இதுக்கு மேல ஒரு பாதுகாப்பு வேற எந்த நாட்டில இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்?"

"சேர், அந்த வட்டு எங்க இருக்கு?"

திருகோணமலை வட்டு கீழே இரும்பு அலுமாரியில், அரக்கு முத்திரையோடு, கழிவுப்பொருள் சபை கூடும் நாளுக்காகக் காத்திருந்தது. அந்தச் சபைக்குத் தலைவர் இவர்தான். கந்தளாய் வட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, சிவப்பு ரிப்பன் கட்டி, நினைவுக் கூடம் ஒன்று அமைத்திருந்தார்கள். கூடத்தை இன்னும் திறந்து வைக்காதபடியால் ஒருவரும் உள்ளே போக ஏலாது. குச்சவெளிப் பொறுப்பாளர் தகவல் பாதுகாப்பில் மிகுந்த அக்கறை உள்ளவர். வட்டைத் தேங்காய் அடிக்கிற கல்லில் வைத்து, சுத்தியலால் பொடியாக்கி, தூளை ஒரு போத்தலில் போட்டு அனுப்பியிருந்தார். போத்தல் தலைவரின் மேசையில் இருந்தது. அதில் பூ வைத்திருந்தார்கள்.

பஹ்மியா அந்தப் பூவைப் பார்த்தாள். மூன்றில் ஒன்று போயிற்று. இனி இருக்கிற இரண்டில் ஒன்று போனாலும் ஸப்வான் போனமாதிரித்தான்.

"மத்த ரெண்டையும் குடுங்க சேர். இந்தத் தம்பி பாத்திட்டுத் தருவாரு. அவ்வளவுதான்."

"தரலாம். தரமாட்டன் எண்டு சொல்லேல்ல. ஆனா சுபநேரத்தில கழற்றினதைக் கண்ட கண்ட நேரத்தில பூட்டினா அதிகாரசபைக்கு ஆகாது. வாற வியாழக்கிழமை பாப்பம்."

"வியாழனுக்குள்ள அவங்கட தண்ணி முடிஞ்சிரும் சேர்!"

தலைவர் உண்மையாகவே கவலைப்பட்டார். முகத்தில் தெரிந்தது. "நான் என்ன செய்யிறது தங்கச்சி? கிரகங்கள் எங்கட அதிகாரசபைக்குக் கீழ வாறேல்லயே."

பஹ்மியா படியிறங்கினாள். கடைசிப் படியில் ஒரு விசயம் பிடிபட்டது. இந்தக் கட்டடத்தில் கெஞ்சி ஒன்றும் நடக்காது, நேரம் என்று சொன்னால் மட்டும் கதவு திறக்கும். அப்படியென்றால் நேரம் குறிக்கிறவரிடம்தான் போக வேண்டும்.

சாத்திரியார் சல்லி என்கிற கடலோர ஊரில் இருந்தார். முத்துமாரியம்மன் கோயில் கடந்து, கருவாடு காயப்போட்ட பரப்புக்குப் பக்கத்து வீடு. பஹ்மியா ஓட்டோவில் போய் இறங்கியபோது மனிசன் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்து ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். முக்காடு போட்ட பெண் தன்னைத் தேடி வந்ததைக் கண்டு அவருக்குப் புதினம்.

"நீங்க இந்த நேரம் காலம் பாக்கிறதில்லையே பிள்ளை?"

"நாங்க பாக்கிறதில்ல ஐயா. அவங்க பாக்கிறாங்க. அதால எனக்கும் பாக்க வேண்டியதாப் போச்சு."

அவள் நடந்ததைச் சொன்னாள். பத்து நாற்பத்திரண்டு என்றதும் சாத்திரியார் கையிலிருந்த பசையைக் கீழே வைத்தார்.

"பொறு பிள்ளை. நான் குறிச்சுக் குடுத்தது பத்து நாற்பத்திரண்டில இருந்து பின்னேரம் பொழுதுபடும்வரைக்கும் எல்லே! அண்டைக்கு முழுக்க நல்ல நேரம்தான். அந்த மனிசன் முதல் நிமிசத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கு. விசர் வேலை! ஆறுதலாச் செய்திருக்கலாமே!"

பஹ்மியா நின்ற இடத்திலேயே மணலில் குந்திவிட்டாள். பின்னேரம் வரைக்கும் நேரம் இருந்திருக்கிறது. இறக்க வேண்டியதை இறக்கி, தேத்தண்ணி குடித்து, பகல் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டுக் கழற்றியிருக்கலாம். அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது.

"ஐயா, இப்ப ஒரு நேரம் எழுதித் தாங்க. கிட்டின நேரமா."

"எப்ப வேணும்?"

"இப்ப."

சாத்திரியார் பஞ்சாங்கத்தை எடுக்கக்கூட இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்தார்: 'இக்கணம் முதல் படகு கரை சேரும் வரை சகல காரியங்களுக்கும் சுபம்.' நீட்டும்போது சொன்னார், "இதில பொய் ஒண்டும் இல்லை பிள்ளை. ஓடு, கெதியா ஓடு."

அந்தக் கடதாசி செய்த வேலை இருக்கிறதே! காலைவரை ஒருவருக்கும் திறக்காத இரும்பு அலுமாரி பகலுக்குள் திறந்தது. துவாரகன் மோட்டார் சைக்கிளில் கந்தளாய்க்குப் பறந்தான். அங்கே உள்ள பொறுப்பாளர், ரிப்பன் வெட்டாமல் பெட்டியில் கை வைக்க விடமாட்டேன் என்றார். துவாரகன் வெட்டினான். திறந்து வைத்தவருக்குக் கை தட்ட வேண்டும் என்றார். துவாரகன் தனக்குத் தானே தட்டிக்கொண்டான். வட்டைச் சட்டைப் பைக்குள் வைத்து, ஒரு கையால் பொத்திக்கொண்டே திரும்பி வந்தான்.

கணினி அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. தலைவர் பட்டுச் சால்வையோடு வந்திருந்தார், பின்னால் கமலாதேவி, அவருக்குப் பின்னால் படம் எடுக்கிறவர். உள்ளே குத்துவிளக்கு ஏற்ற வேண்டாம், புகை பட்டால் கூரைக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் என்று துவாரகன் கும்பிடாத குறையாகக் கேட்டுத் தடுத்தான். அந்த ஏமாற்றத்தை ஈடுசெய்ய, முதல் விசையைத் தானே அமத்துவதாகத் தலைவர் சொல்லிவிட்டார். அதைத் தடுக்க ஒரு வழியும் தெரியவில்லை.

துவாரகன் இரண்டு வட்டுகளையும் பூட்டினான். திரை ஒருக்கால் இருண்டு வெளித்தது. எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று தலைவர் போன வருசம் ஒரு விழா வைத்து மாற்றிய திரை. அந்த மனிசன் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று சொல்லலாம், ஏனென்றால் பஹ்மியாவாலும் அதை வாசிக்க முடிந்தது.

'புதிய வட்டுகள் காணப்பட்டன. முழுவதையும் அழித்துத் தயார் செய்யவா?'

கீழே 'ஓம்' என்ற கட்டம் மினுங்கிக்கொண்டிருந்தது.

துவாரகன் வட்டுப் பெட்டியின் பின்பக்கம் குனிந்து நின்றான், திரை அவனுக்குத் தெரியவில்லை. தலைவர் விசைப்பலகைக்கு முன் அமர்ந்து, சால்வையை ஒதுக்கி, சுட்டுவிரலை உயர்த்தினார். படம் எடுக்கிறவர், "சேர், கொஞ்சம் சிரியுங்கோ," என்றார். தலைவர் சிரித்தார்.

"தம்பி!" என்று பஹ்மியா கத்தினாள். கத்தினது கமலாதேவிக்குப் பிடிக்கவில்லை. "உஸ்! விழா நடக்குது," என்றார். விரல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அந்த விரலைப் பிடித்துத் தடுக்கிற தூரத்தில் பஹ்மியா இல்லை. ஆனால் விசைப்பலகையின் வயர் மேசை ஓரமாக வந்து அவள் முழங்காலுக்குக் கிட்டப் போய்க்கொண்டிருந்தது. குனிந்து ஒரே இழுவை. வயர் கழன்று கையோடு வந்தது.

தலைவர் விசையை அமத்தினார். நல்லாக, நிதானமாக, படத்துக்கு இரண்டாம் தரமும் அமத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். "வேலை தொடங்கியாச்சு," என்றார் தலைவர், சால்வையைச் சரி செய்துகொண்டே. எல்லாரும் வடை சாப்பிட மேலே போனார்கள்.

பஹ்மியா கையிலிருந்த வயரை இன்னும் இறுக்கிப் பிடித்தபடியே நின்றாள். துவாரகன் திரையைக் கண்டான்.  வயரை வாங்கிப் பூட்டி, 'இல்லை' என்பதை அமத்தி, எதையும் எழுதாதே, வாசிக்க மட்டும் செய் என்று வட்டுகளுக்குப் பூட்டுப் போட்டான்.  இரண்டு வட்டிலிருந்த துண்டுகளை வைத்துக் கணினி மூன்றாவதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இடையில் ஒருமுறை அசையாமல் நின்றுவிட்டது. பஹ்மியா ஓதத் தொடங்கினாள். துவாரகனும் கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தான். ஆளுக்காள் தெரிந்ததைச் சொன்னார்கள்.

பிறகு வந்தது. 'நூருல் பஹ்ர்' புறப்பட்டது. கொட்டியாரக் குடாவைத் தாண்டியது. நேர் கிழக்கே போனது. ஒவ்வொரு வரியாக இறங்கி, கடைசி வரி சிவப்பில் வந்தது. ஆபத்து. இயந்திரம் நின்றுவிட்டது. இடம். பஹ்மியா அந்த எண்களைத் தேடுதல் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள், இரண்டு தரம், தவறாமல். "வெளிக்கிட்டாச்சு அக்கா," என்று அந்தப் பக்கம் குரல் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தச் சிவப்பு வரியை முழுக்க வாசித்தாள். பொத்தான் அமத்திய நேரம், விழா அன்று காலை பத்து நாற்பத்தொன்று. அதற்குக் கீழே கணினி தானாகவே அனுப்பிய பதிலும் இருந்தது. 'உங்கள் செய்தி பத்திரமாகப் பெறப்பட்டது. இருக்கும் இடத்திலேயே இருங்கள்.'

துவாரகன் தலையைக் குனிந்துகொண்டான். "பத்து நாற்பத்திரண்டுக்கு நான் கழற்றினனான் அக்கா," என்றான்.  அவள் அவனைத் திட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை.

படகைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அடுத்த நாள் செய்தி வந்தது. மூன்று பேருக்கும் உயிர் இருந்தது. கட்டி இழுத்து வருகிறார்கள், மறுநாள் காலை கரை சேரும். தலைவர் உடனே வேலையில் இறங்கினார். பந்தல், மேளம், மாலை, ஒலிபெருக்கி. கரை சேரும் வரை சுபம் என்று சாத்திரியார் எழுதிக் கொடுத்தது அவருக்குத் திருப்தியாக இல்லை, அதில் நிமிடக் கணக்கு இல்லை. ஆகவே ஏற்கெனவே வெற்றிகரமாகப் பாவித்த நேரத்தையே மீண்டும் பாவிக்கத் தீர்மானித்தார். பத்து நாற்பத்திரண்டு.

அந்தப் படகுக்கு இது தெரியுமா? பத்து மணி அடிக்க முதலே வந்துவிட்டது. இறங்குதுறைக்குக் கல்லெறிகிற தூரத்தில், இழுத்து வந்த கப்பல் விட்டுவிட்டு விலக, 'நூருல் பஹ்ர்' மெதுவாக ஆடிக்கொண்டு நின்றது. படகின் முன்புறம், அணியத்தில் ஸப்வான் கயிற்றோடு நின்றான். கறுத்து, வற்றி, உதடு வெடித்து, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. மற்ற இரண்டு பேரும் தளத்தில் கிடந்தார்கள்.

"படகில் உள்ளவர்களுக்கு வணக்கம்!" என்றது ஒலிபெருக்கி. "உங்களை மீட்டெடுத்த அதிகாரசபை உங்களை அன்போடு வரவேற்கிறது. இருக்கும் இடத்திலேயே இருங்கள். இன்னும் நாற்பத்தைந்து நிமிடத்தில் உங்களைக் கரைக்கு எடுப்போம்!"

ஸப்வான் கயிற்றை எறிய ஓங்கிய கையைத் தாழ்த்தினான். சொன்ன சொல்லைக் கேட்டே பழகின மனிசன்.

பஹ்மியாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. இறங்குதுறையை மறித்துக் கட்டியிருந்த ரிப்பனைக் கையால் தள்ளிக்கொண்டு ஓடினாள். கமலாதேவி, "தங்கச்சி, நேரம்! நேரம்!" என்று பின்னால் வந்தார். இறங்குதுறை விளிம்பில் நின்று பஹ்மியா தொண்டை கிழியக் கத்தினாள். "எறிங்க! கயித்த எறிங்க! அவங்கட கதையக் கேக்காதீங்க, என்ட கதையக் கேளுங்க!"

கயிறு வந்து விழுந்தது. அவள் பிடித்து இழுத்தாள். துவாரகன் ஓடிவந்து கை கொடுத்தான். மேளகாரரும் மேளத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து பிடித்தார். படகு அணைந்தது. மூன்று பேரையும் தாங்கி ஓட்டோக்களில் ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

விழா நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும்? பத்து நாற்பத்திரண்டுக்குக் கெட்டிமேளம் முழங்க, தலைவர் வெறும் படகின் அணியத்துக்கு மாலை போட்டார். "எமது அறிவுறுத்தலின்படி அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்ததனால்தான் கண்டுபிடிக்க முடிந்தது," என்று பேசினார். துறைமுக வீதியில் திரிகிற மான் ஒன்று வந்து மாலையைத் தின்னத் தொடங்கியது, அதையும் படம் எடுத்தார்கள். கமலாதேவி மேலே போய் 'நூருல் பஹ்ர்', வருகை, பத்து நாற்பத்திரண்டு என்று பதிந்தார். அந்த நேரம் ஸப்வானின் கையில் சேலைன் பாதி இறங்கியிருந்தது.

பின்னேரம் அவனுக்குக் கொஞ்சம் கதை வந்தது. பஹ்மியா கட்டில் ஓரத்தில் இருந்து கரண்டியால் கஞ்சி பருக்கினாள்.

"நான் பயப்படயில்ல," என்றான். "இயந்திரம் நிண்ட உடனே சிவப்ப அமத்தினன். அந்த நிமிசமே பச்சை எரிஞ்சிச்சு. இருக்கிற இடத்தில இருங்க எண்டு செய்தியும் வந்துச்சு. அதுக்குப் பொறகு பெட்டரியும் போயிட்டு. வாடைக்காத்து நல்லாக் கரையப் பாத்துத்தான் அடிச்சது. சும்மா விட்டிருந்தா ரெண்டு நாள்ல தெக்குப் பக்கக் கரையில எங்கயாச்சும் ஒதுங்கியிருப்பம். பொடியனுகளும் அப்பிடித்தான் செல்லி நிண்டானுகள். நான் விடல்ல. அவங்க தேடி வாற நேரம் நாம இல்லாட்டிப் பாவமெண்டு, பாயத் தண்ணிக்குள்ள நங்கூரம் மாதிரி இறக்கி, படக நகராமப் புடிச்சு வச்சிருந்தன்."

பஹ்மியாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. கைப்பைக்குள் அந்தத் தங்கக் கரைச் சான்றிதழ் இன்னும் கிடந்தது. பத்து நாற்பத்தொன்று என்று வாய்வரை வந்தது. அவனுடைய வெடித்த உதட்டைப் பார்த்தாள். இப்போது சொன்னால் தாங்கமாட்டான் என்று விழுங்கிக்கொண்டாள்.

"நல்ல மனிசர் புள்ள," என்றான் ஸப்வான், கண் செருக. "எத்தின நாள் எங்களையே பாத்துக்கொண்டிருந்திருப்பாங்க. எழும்பின உடனே ஒபிசுக்குப் போய் ஒரு நன்றி செல்லிட்டு வரோணும்."

"சொல்லுவம்," என்றாள் பஹ்மியா, போர்வையை இழுத்து அவன் காலை மூடிக்கொண்டே. "அதுக்கு நல்ல நேரம் நான் குறிக்கிறன்."